குறுகிய காலம்

ஆடிட்டர் சேஷகிரி முதலில் கேட்டது விலையை அல்ல.
"சொந்த உபயோகமா, தொழிலா?"

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன்.
கீழே காக்ஸ் டவுன் மார்க்கெட் ஓரம்
மீன் வண்டிக்கும் இளநீர்க் குவியலுக்கும் நடுவே
மூக்கை நீட்டிக்கொண்டு நின்றது
அறுபத்தெட்டாம் வருஷத்து ஸ்டாண்டர்ட் ஹெரால்ட்,
வெள்ளரித் தோல் நிறம்,
இந்த மாநிலம் மைசூராக இருந்தபோது எழுதிய நம்பர்.

இரண்டும்தான் என்றேன்.
"அதுதான் வம்பு" என்றார்.

வீட்டோடு மட்டும் இருந்திருந்தால்
கட்டில் மாதிரி, குக்கர் மாதிரி,
எத்தனைக்கு விற்றாலும்
வரி அதைத் திரும்பிப் பார்த்திருக்காதாம்.
நான்தான் மணமேடை அலங்காரக் கணக்கில்
ஒரே ஒரு வரி எழுதினேன்,
இரண்டாயிரத்து ஆறில்:
கல்யாண கார், ஒன்று.

அன்று தொடங்கியது தேய்மானம்.
நூற்றுக்குப் பதினைந்து,
மிச்சத்தில் பதினைந்து,
அந்த மிச்சத்திலும் பதினைந்து.
ஏட்டில் அது சோப்புக் கட்டி போலக் கரைய,
ரோட்டில் பம்பருக்குக் குரோமியம் பூசி
சிவாஜிநகர் அன்வர் பாயிடம் சீட்டுத் தைத்து
நான் அதை வருஷா வருஷம் மினுக்கிக்கொண்டிருந்தேன்.

ஏட்டில் இப்போது அதன் மதிப்பு
பன்னிரண்டாயிரத்து நூற்று இருபத்து நாலு.
நிதின் பல்லால் தருவது ஏழு லட்சம்.

"நடுவில் இருப்பதெல்லாம் லாபம், ஃபிலோமினா.
குறுகிய கால லாபம்."

பதினெட்டு வருஷம் சார்.

"தேய்மானம் எடுத்துவிட்டால்
எத்தனை வருஷமானாலும் குறுகிய காலம்தான்."
பைடூ காபியில் தன் பாதியை ஊதிக்கொண்டார்.

அந்தக் குறுகிய காலத்தில்
ஓசூர் ரோட்டில் மூன்று தடவை கிளட்ச் கேபிள் அறுந்தது.
ஒரு மாப்பிள்ளை, தாலி கட்டப் போகிறவன்,
கோட்டைக் கழற்றி என்னோடு வண்டி தள்ளினான்.
செயின்ட் ஜான்ஸ் ரோட்டில் ஒரு மணப்பெண்
நிறுத்தச் சொல்லிப் பத்து நிமிஷம் அழுதாள்.
எஞ்சினை அணைக்காமல்
கண்ணாடியைத் திருப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.
பிறகு, போகலாம் என்றாள்.
அந்தப் பத்து நிமிஷத்துக்கு நான் பில் போடவில்லை.
அது எதில் சேரும் என்று கேட்க நினைத்தேன்.
அவருக்கு வெளியே இன்னும் நாலு பேர்.

பல்லால் நல்ல மனுஷர்தான்.
யெலஹங்காவில் ஷெட்டு போட்டு ஏழு பழைய வண்டி.
போனில் குரலை இறக்கினார்:
"நாலு பேங்கில், மூணு கையில்.
உங்களுக்குத்தான் லாபம் மேடம்."

இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால்
வாங்கிய அளவுக்கே அபராதம்,
அதுவும் கொடுத்தவருக்கு இல்லை, வாங்கியவருக்கு.
பயத்தில்தான் யோக்கியமாக இருந்தேன்.
இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை.

ஏழும் பேங்கிலேயே வந்தது,
திங்கட்கிழமை பதினொன்று நாற்பதுக்கு.
மார்ச் பதினைந்துக்குள் முன்வரி.
சலானில் வருஷத்தைத் தப்பாகப் போட்டு
அதைத் திருத்த மூன்று வாரம்.

படிவம் இருபத்தொன்பது, படிவம் முப்பது,
ஆறு கையெழுத்து.
கஸ்தூரி நகர் ஆர்டிஓவில் ஃபைல் தூங்குகிறது.
அதனால்தான் நேற்று
போலீஸ் செய்தி என் போனுக்கு வந்தது:
ஹெப்பாள் சிக்னல், சிவப்பைத் தாண்டியது, ஐநூறு ரூபாய்.

போட்டோவும் இருந்தது.
பின்பக்கம்.
இரண்டு சின்ன வால்விளக்கு,
இடப்பக்கம் லேசாகச் சாய்ந்த உடம்பு,
மழை ஈரத்தில் ஒரு பச்சைக் கோடு.
ஓடும்போது அது எப்படி இருக்கும் என்று
எனக்குத் தெரியாது.
எப்போதும் உள்ளேதானே இருந்தேன்.

பல்லாலுக்கு அனுப்பினால் கட்டிவிடுவார்.
படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன்.
நானே கட்டினேன்.
ரசீது வந்தது.
ஏட்டில் ஏற்றவில்லை.